சுவக்கீன் கொடுத்த கை

என் அப்பாவுடைய வலது கையின் விலை ஆறாயிரம் ரூபாய். நான் வைத்த விலை இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில், வெயில் ஏறுவதற்குள், நாற்பது தரகர்கள் பார்க்க வைத்த விலை. அதற்கு அப்புறம் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

எங்கள் சந்தையில் மாட்டின் விலையை வாயால் பேசுவது கிடையாது. விற்கிறவனின் தரகரும் வாங்குகிறவனின் தரகரும் எதிரெதிரே நின்று வலது கையைக் கொடுத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். மீதியை விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து. ஐந்தை விட்டு மறுபடி ஒரு விரலைப் பிடித்தால் ஆறு. பத்தாயிரமா, ஆயிரமா, லட்சமா என்பதை மட்டும் வாய் சொல்லும். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாட்டுக்காரனுக்குக்கூட உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கையை வெளியே எடுத்துத் தரகர் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை. ரசீது இல்லை, சாட்சி இல்லை. அதனால் ஒரு தரகருக்குச் சொத்து என்று இருப்பது அந்தக் கை ஒன்றுதான். வீடு, தோட்டம் எல்லாம் அப்புறம்.

அப்பா பெயர் நாச்சிமுத்து. முப்பது வருஷம் கை கொடுத்தவர். அன்றைக்குச் சாந்தம்மாள் என்கிற ஒருத்தியின் ஜெர்சிப் பசுவுக்காக அவர் கை கொடுத்தது சுவக்கீனுக்கு. சுவக்கீன் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவன். மலையில் மாடு வளர்ப்பவர்களுக்காக இங்கே வந்து வாங்கிக்கொண்டு போவான். பேச்சில் தேன் ஒழுகும், தேனைத் துடைத்துப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது. துண்டுக்குள் ஐம்பத்திநாலாயிரத்துக்குப் படிந்தது. துண்டை எடுத்ததும் சுவக்கீன் நாற்பத்தெட்டு என்றான்.

இந்த மாதிரி இரண்டு தரகர்கள் இரண்டு தொகை சொன்னால் சந்தையில் யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? இரண்டு பேரும் சொன்ன இடத்திலேயே, சொன்ன தொகையிலேயே நிற்க வேண்டும். நிற்க முடியாமல் எவன் வித்தியாசத்தைக் கட்டுகிறானோ அவன்தான் பொய் சொன்னவன். அவனுக்கு அதற்கு அப்புறம் எவனும் கை தரமாட்டான்.

அப்பா ஒரு மணி நேரம் நின்றார். சாந்தம்மாள் மாட்டைத் திருப்பிக் கொண்டுபோகவும் இல்லை, நாற்பத்தெட்டை வாங்கவும் இல்லை. சாணியும் மூத்திரமுமாகக் கிடந்த தரையில் கயிற்றோடு உட்கார்ந்துவிட்டாள். புருஷனைப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு வந்தவள். அவள் அழுதிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். அவள் அழவில்லை, தலையைக் குனிந்து கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா மடியிலிருந்து ஆறாயிரத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். கொடுத்த நிமிஷத்தில் பொய்யர் ஆனார். தரகர்களுக்கெல்லாம் மூத்தவரான சோலையண்ணன் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் போனார். அவ்வளவுதான் தீர்ப்பு.

பிறகு ஏழு வருஷம் அப்பா ஒவ்வொரு சந்தைக்கும் போனார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வேப்ப மரத்தடியில் நிற்பார், ஒரு டீ குடிப்பார், சந்தை கலைந்ததும் வருவார். எவனும் கை தரவில்லை. துண்டு மட்டும் வாராவாரம் துவைத்துக் காய்ந்தது.

நான் இந்து. சந்தை முனையில் கயிற்றுக் கடை வைத்திருக்கிறேன். மூக்கணாங்கயிறு, சலங்கை, லாடம், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. கட்டிக்கொடுத்த இடத்தில் பேரம் படியாமல் திரும்பி வந்தவள். விரல் கணக்கு எனக்கு எழுத்துக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் பெண்பிள்ளைக்கு எவனும் துண்டுக்குள் கை தரமாட்டான். ஆகவே என் கைக்கு விலையே வைக்கப்பட்டதில்லை. கடையில் உட்கார்ந்து, சுவக்கீன் என்ற பெயரை ஏழு வருஷமும் பழைய கடனைப் போல மனசுக்குள் ஏற்றி ஏற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

போன மாசம் ரோசி என்று ஒரு அம்மா பீர்மேட்டிலிருந்து வந்து என் கடையில் பத்து முழம் கயிறு கேட்டார். பத்து மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பேச்சுவாக்கில், முதல் ஜெர்சியை இந்தச் சந்தையில் சுவக்கீன்தான் வாங்கிக் கொடுத்தான் என்றார். எத்தனைக்கு என்று கேட்டேன். ஐம்பத்திநாலு. எனக்குக் கயிறு அளக்கிற கை நின்றுபோயிற்று. தேதி கேட்டேன், மாட்டின் நிறம் கேட்டேன், நெற்றிச் சுட்டி கேட்டேன். அந்த அம்மா கணக்கு நோட்டு வைத்திருக்கிறவர். ஊருக்குப் போய் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் வந்தது. "சுவக்கீன் வசம் பசு வகைக்கு 54,000" என்று, தேதியோடு. பத்து முழம் கயிற்றுக்கு நான் காசு வாங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் இலவசமாகக் கொடுத்த ஒரே சரக்கு அதுதான்.

இனி சுவக்கீனைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதுவும் தானாக வந்தது. சுவக்கீன் இப்போது எர்ணாகுளத்துக்காரன். மகன் ஜிபின் படித்துவிட்டு 'தொழுவம்' என்று ஒரு ஆப் தொடங்குகிறான், மாட்டை செல்போனிலேயே விற்கலாம், வாங்கலாம். அதற்கு எல்லைச் சந்தைகளின் தரகர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். எர்ணாகுளத்தில் பெரிய ஹோட்டலில் கூட்டம், ஏசி பஸ், மத்தியானச் சாப்பாடு. இதையெல்லாம் சோலையண்ணன்தான் என் கடையில் லாடம் வாங்கும்போது சொன்னார். பணம் போடுகிற பெரிய ஆட்களும் அன்றைக்கு வருகிறார்களாம்.

எனக்கு அதைவிட நல்ல முகூர்த்தம் வேண்டியதில்லை. எங்கள் ஊர்த் தரகர் அத்தனை பேரும் ஒரே அறையில், சுவக்கீன் மேடையில், அவன் மகனுக்குப் பணம் போடுகிறவர்கள் முன்வரிசையில். நான் எழுந்து நின்று ரோசியம்மாவின் நோட்டைக் காட்டுவேன். அவன் இல்லை என்பான். நான் தேதி சொல்வேன். அவன் முகம் வெளுக்கும். மகன் அவனைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே நான் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகத் தயாராக இருந்தேன். அப்பாவிடம், நைலான் கயிறு மொத்த விலையில் பார்க்கப் போகிறேன் என்றேன். பார்த்துப் பேசி வாங்கு என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் வாளையார்க் கணவாய்க் காற்று பின்னால் போனதிலிருந்து எர்ணாகுளம் வரும்வரை நான் பேச வேண்டியதை மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். பட்டுப் புடவை கட்டியிருந்தேன். ஒருத்தனைக் கவிழ்க்கப் போகும்போது கசங்கிய புடவையில் போகக் கூடாது. ஸ்டேஷன் வாசலில் முதல் தோல்வி. ஆட்டோக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டேன், அவர் செல்போனைக் காட்டினார். நூற்றுத்தொண்ணூறு. நூற்றிருபது என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் செல்போனையே பார்த்தார். விலையைச் சொன்ன ஆள் அதற்குள் இருக்கிறான் போலிருக்கிறது. அவனிடம் எப்படிப் பேசுவது? வேலந்தாவளத்தில் பிறந்து முப்பத்திநாலு வருஷத்தில் சொன்ன விலையைச் சொன்னபடி நான் கொடுத்தது அன்றைக்குத்தான்.

ஹோட்டலில் குளிர் எலும்பில் இறங்கியது. நாற்பது தரகர்களும் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோலையண்ணன் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கேக்கை மறைக்கப் பார்த்தார்.

"அம்மிணி, நீ எங்க இங்க?"

"கயிறு வாங்க வந்தனுங்ணா" என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்போனில் அந்தப் போட்டோவைத் திறந்து, திரையில் விரலை வைத்துக்கொண்டேன்.

சுவக்கீன் மேடைக்கு வந்தான். ஏழு வருஷத்தில் தொப்பையும், விரலில் ஒரு மோதிரமும் சேர்ந்திருந்தன. மனைவி கத்தரீனாளும் முன்வரிசையில் இருந்தாள். மூன்று காமிராக்கள். அவன் மைக்கைப் பிடித்து, கொஞ்சம் தலை குனிந்து, தழுதழுத்த குரலில் ஆரம்பித்தான். நான் எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"நான் ஒரு களவாணி. அதைச் சொல்லிட்டுத்தான் மத்ததச் சொல்லணும்" என்றான்.

கைப்பிடியை விட்டுவிட்டேன்.

அவனே எல்லாவற்றையும் சொன்னான். வேலந்தாவளம் சந்தை, ஜெர்சிப் பசு, துண்டுக்குள் ஐம்பத்திநாலு, வெளியே நாற்பத்தெட்டு. நாச்சிமுத்து அண்ணன் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றது. தன் மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தது. சாணியில் உட்கார்ந்திருந்த பெண்ணைக்கூட விடவில்லை, அவள் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்ததைக்கூட. வாங்கச் சொன்னவர் கொடுத்ததில் மீந்த ஆறாயிரத்தைத் தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறியது. ஏழு வருஷமாக அந்த மனுஷன் முகம் தூக்கத்தில் வருகிறது என்றபோது கண்ணைத் துடைத்தான். காமிரா கிட்டே போனது. துடைத்த கையை எடுக்காமல் காமிரா வரும்வரை வைத்திருந்தான் என்பதை நான் கவனித்தேன். நான் கடைக்காரி, எடை போடும்போது எவன் தராசில் விரல் வைக்கிறான் என்று பார்த்துப் பழகியவள்.

பிறகு குரல் மாறியது. "துண்டுக்குள்ள என்னைய மாதிரி ஒருத்தன் இருப்பான். அதுனாலதான் சொல்லுதேன், இனி துண்டு வேண்டாம்." பின்னாலிருந்த பெரிய திரையில் ஒரு சிவப்புத் துண்டு, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. விலை எல்லாருக்கும் தெரியும்படி செல்போனில் வரும், ஏமாற்ற முடியாது, களவாணியே செய்த ஆப், களவாணிக்குத் தெரியாத வழி எது? எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசை எழுந்து நின்று தட்டியது.

மூன்று மணி நேரம் ரயிலில் நான் சுமந்துகொண்டு வந்த சரக்கை, நான் கடை விரிப்பதற்குள் எதிர்க்கடைக்காரன் இலவசமாகக் கொடுத்துவிட்டான். கொடுத்து, அதற்கு விளம்பரமும் போட்டுக்கொண்டான். என் விரலுக்கு அடியில் ரோசியம்மாவின் நோட்டு இருந்தது. அதைக் காட்டினால் இனி என்ன? ஆமாம், அதுதான் என்பான். இன்னொரு தடவை கை தட்டுவார்கள்.

அப்பா பொய்யர் இல்லை என்று அந்த நிமிஷம் எங்கள் ஊரே தெரிந்துகொண்டது. நான் கேட்டது அதுதானே? ஆனால் அப்பாவின் கையைத் திருப்பிக் கொடுத்த அதே மூச்சில், இனிமேல் கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். திருடிய காளையைக் கிழடாகும்வரை உழுதுவிட்டு, வாசலில் கொண்டுவந்து கட்டி மாலையும் வாங்கிக்கொள்கிறவனை என்ன செய்வது?

பக்கத்தில் சோலையண்ணன் மூக்கைச் சிந்தினார். நாச்சி பாவம், நாம எல்லாருமே பாவம் பண்ணிட்டமுங்க என்று யாரிடமோ சொன்னார். பிறகு, ஐயோ பாவம் என்கிற வேகத்தில், எழுந்து நின்று மேடையைப் பார்த்துக் கத்தினார்: "நாச்சிமுத்து புள்ளை இங்கதாங்க இருக்குது."

ஜிபின் மைக்கோடு ஓடி வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும், நல்ல பையன், முகத்தில் கள்ளம் தெரியவில்லை. அவன் அப்பன் செய்ததை அவனும் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டிருப்பான் போல. சேச்சி வரணும், ஒரே ஒரு வார்த்தை பேசணும் என்று என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனான். சுவக்கீன் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். கிட்டே வந்த காமிராவைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான். மோளே என்று, மகளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான். நான் அந்தக் கைகளுக்குள் போகவில்லை.

ஜிபின் மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தான். "சேச்சி, பப்பாவை மன்னிச்சாச்சோ?"

கூட்டம் காத்திருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மேடையில் அவனுக்கு ஒரு சரக்கு இன்னும் வேண்டியிருக்கிறது, அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவன் கதைக்கு முடிவு என் வாயில் இருக்கிறது. வேண்டும் என்று கண்ணில் தெரிகிறவனிடம் விலையைக் குறைத்துச் சொல்வது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

"எங்கூர்ல சும்மா கெடைக்கறது சாணி மட்டுந்தானுங்க" என்றேன். "மத்ததுக்கெல்லாம் வெலையிருக்குதுங்க."

தரகர்கள் சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைக்கும் பரவியது. எவ்வளவு சேச்சி, சொல்லுங்கள், என்று ஜிபினும் சிரித்துக்கொண்டே கேட்டான். நான் வாயால் சொல்கிற வழக்கம் இல்லை என்றேன். சோலையண்ணன் தலையிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கினேன். வலது கையை நீட்டினேன்.

சுவக்கீன் சிரிப்பை விட்டான். "பொம்பளப் பிள்ளகிட்டக் கை போடுத வழக்கம் இல்லையே, மோளே."

"பொய்க் கை போடற வழக்கம் மட்டும் இருந்துச்சுங்களா?"

அறையே அதிர்ந்தது. ஜிபினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; இந்த வீடியோ எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று அவன் கண்ணிலேயே கணக்கு ஓடியது. கொடு பப்பா, கொடு, கடைசிக் கை என்று போடலாம் என்றான். சுவக்கீன் காமிராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கை கொடுத்தான். அவன் செய்த ஒரே தப்பு அதுதான். சந்தையை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆனவன் செய்யக்கூடிய தப்பு.

"லட்சக் கணக்குல பேசிக்கலாமுங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். பணம் போடுகிறவர்கள் முன்னால் ஆயிரத்தில் பேச அவனுக்கு வாய் வருமா? சரி என்று தலையாட்டினான். துண்டைப் போட்டு மூடினேன்.

என் ஆயுசில் எவனும் எனக்குத் துண்டுக்குள் கை கொடுத்தது அதுவே முதல் தடவை. சுவக்கீன் கை சில்லிட்டு, பஞ்சு மாதிரி இருந்தது. நான் முழுக்கையையும் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தேன். பத்து. அவன் என் ஒற்றை விரலைப் பிடித்தான். நான் நாலைப் பிடித்தேன். அவன் மறுபடி ஒன்று. நான் இரண்டுக்கு வந்தேன். அவன் ஒன்றை விடவில்லை. விரலை அழுத்தி, கட்டைவிரலால் என் உள்ளங்கையைத் தட்டினான். அவ்வளவுதான், முடிவு என்று அர்த்தம். நானும் பதிலுக்கு அவன் விரலை அழுத்தினேன். ஒரு லட்சத்துக்குப் படிந்துவிட்டது. நான் அப்போது வேறு எதுவும் நினைக்கவில்லை, இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. ஒரு லட்சத்தை மொத்தமாக நாங்கள் பார்த்ததில்லை.

கையை எடுக்கப் போனேன். துண்டுக்குள்ளேயே அவன் என் புறங்கையை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தான். வாங்கி முடித்த மாட்டின் முதுகில் தட்டுவார்களே, அந்த மாதிரி.

துண்டை எடுத்தேன். மைக்கை வாங்கினேன்.

"ஆறு" என்றேன். "ஆறு லட்சமுங்க."

சுவக்கீனின் வாய் திறந்தது. என்ன வரும்? இல்லை, ஒன்றுதான் என்று சொல்லலாம். சொல்லட்டும். கால் மணிக்கு முன்னால்தான் நாற்பது தரகர்களுக்கும் மூன்று காமிராவுக்கும் முன்னால், துண்டுக்குள் ஒன்று வெளியே ஒன்று சொல்கிற களவாணி நான்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். என் அப்பா பொய் சொல்லாதவர் என்பதும் அவன் வாயாலேயே ஆகியிருக்கிறது. அவர் மகள் நான் சொல்கிறேன், ஆறு.

சோலையண்ணன் எழுந்தார். தலையில் துண்டு இல்லாமல், ஏழு வருஷத்துக்கு முன்னால் சந்தையில் தீர்ப்புக்கு நின்ற அதே மாதிரி நின்றார். "சுவக்கீனு, அம்மிணி ஆறுங்குது. நீ என்ன சொல்ற?"

நான் நின்றேன். அசையவில்லை. எனக்கு அவசரமே இல்லை, என் ரயில் நாலரை மணிக்குத்தான். சாந்தம்மாள் மாதிரி தரையில் உட்காரக்கூட நான் தயாராக இருந்தேன். அவனுக்குத்தான் நேரமில்லை, ஒரு மணிக்குச் சாப்பாடு, அதற்கு முன்னால் கையெழுத்து, முன்வரிசை கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அவன் மகன் அவனைப் பார்த்தான். நான் பார்க்க வேண்டும் என்று வந்த பார்வை அதுதான். வேறு வழியில் வந்து சேர்ந்தது.

"ஆறுதான்" என்றான் சுவக்கீன்.

ஜிபின் பணத்தை செல்போனிலேயே அனுப்பினான். ஒரு தடவையில் ஐந்துக்கு மேல் போகாதாம். ஐந்து ஒரு தடவை, ஒன்று ஒரு தடவை. இரண்டு தடவை என் செல்போன் கிணுக்கென்றது. வந்துவிட்டதா என்று சரிபார்த்துவிட்டு மைக்கில், மன்னித்தாயிற்று என்றேன். கைக்குட்டை அம்மா அழுதாள்.

எனக்கு எதிர்பாராத ஒரு லாபமும் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் கையெழுத்துக்குக் காகிதம் சுற்றியபோது சோலையண்ணன் அதைத் தொடவில்லை. ஒரு பொம்பளைப்பிள்ளை துண்டைப் போட்டுக் கண்ணெதிரில் ஆறு லட்சம் எடுத்துக் காட்டிவிட்டது, துண்டு வேலைக்கு ஆகாது என்று யார் சொன்னது என்றார். மற்ற முப்பத்தொன்பது பேரும் காகிதத்தை அப்படியே அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பிரியாணி நன்றாக இருந்தது.

லிஃப்ட் வாசலில் சுவக்கீன் என்னிடம் வந்தான். கூட யாரும் இல்லை, காமிராவும் இல்லை. கோபம் மாதிரிகூடத் தெரியவில்லை, களைத்துப் போயிருந்தான்.

"இப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும் மோளே" என்றான். "அது எம்புட்டுச் சுளுவுன்னு."

"நீங்க ஆறாயிரத்துக்குத்தானுங்களே தெரிஞ்சுக்கிட்டீங்க" என்றேன். லிஃப்ட் வந்தது. இறங்கும்போது என் வலது கையைப் புடவை முந்தானையில் துடைத்தேன். ஈரம் எதுவும் இல்லை, இருந்தாலும் துடைத்தேன்.

ராத்திரி ஊருக்கு வருவதற்குள் வீடியோ எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. வீட்டு வாசலில் நாலு தரகர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"உள்ள எத்தனை?" என்று கேட்டார்.

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. முப்பது வருஷம் விரல்களைப் படித்த மனுஷர். வீடியோவில் துண்டு அசைந்த அசைவைப் பத்துத் தடவை பார்த்திருப்பார்.

"ஒண்ணுங்கப்பா."

"வெளிய?"

"ஆறு."

"அவன் நின்னானா?"

"நிக்கலீங்க."

"நானும் நிக்கல" என்றார். டீத் தம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "சந்தைக்கு அது போதும். எனக்குப் போதாது" என்றார்.

அடுத்த சந்தையில் பதினொரு பேர் அவருக்குக் கை கொடுத்தார்கள். பதினொன்றிலும் உள்ளே என்னவோ அதுதான் வெளியே. நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் முழுக்க வியாபாரத்தில் கவனம் இல்லை, மூன்று பேருக்குச் சலங்கையை விலை குறைத்து விற்றுவிட்டேன். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் என் கடை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவக்கீனின் காசில் நமக்குச் சேர வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட வேண்டும் என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஏழு வருஷத்தில் சந்தை முந்நூற்று அறுபத்துநாலு. கொரோனாவில் சந்தை கூடாத முப்பத்தெட்டு வாரத்தை அவரே கழித்தார். அம்மா போனபோது அவர் போகாத இரண்டு, மழையில் கலைந்த நாலு. மீதி முந்நூற்றிருபது. நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு தரகு என்று வைத்தார். நான் இரண்டாயிரம் என்றேன், எல்லா நாளும் மாடு படியாது என்று அடித்துவிட்டார். என் போக்குவரத்தில் ஆட்டோவுக்கு நூற்றுத்தொண்ணூறு எவனாவது கொடுப்பானா என்று அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் விட்டார். கடைசியில் என் நோட்டில் அவர் கையெழுத்தில் இருப்பது இது:

வரவு, சுவக்கீன் வசம்: 6,00,000.

துண்டுக்குள் படிந்தது: 1,00,000. சாந்தம்மாளுக்குக் கட்டியது: 6,000. தரகு, 320 சந்தைக்கு: 4,80,000. இந்து போய்வந்த செலவு: 740. ஆக 5,86,740.

சுவக்கீனுக்கு நாம் தர வேண்டிய பாக்கி: 13,260.

அதற்குக் கீழே நான் எழுதியிருப்பது: வந்து கேட்கட்டும்.